பல் நிறத்தில் ஒரு கார்

பாசத்துக்கும் மரியாதைக்கும் உரிய பெரியப்பா அவர்களுக்கு,

உங்கள் தம்பி மகள் எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் நலம். அங்கே நீங்களும் பெரியம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். உங்கள் பணி ஓய்வுக்கு முன்கூட்டியே என் வாழ்த்துகள். இத்தனை வருடம் எத்தனையோ பாலங்களுக்கு அடியில் இறங்கி விரிசல் தேடியவர் நீங்கள். விரிசலைக் கண்டால் நீங்கள் பதறுவதில்லை, குறித்துக்கொண்டு அடுத்த தூணுக்குப் போய்விடுவீர்கள் என்று பெரியம்மா ஒருமுறை சொன்னார். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன். தயவுசெய்து உட்கார்ந்து படிக்கவும்.

நலம் விசாரித்தவுடன் விஷயத்துக்கு வந்துவிட வேண்டும், சுற்றி வளைத்தால் மதிப்பெண் குறையும் என்பார் எங்கள் தமிழ் ஆசிரியை. ஆகவே நேராகச் சொல்கிறேன். நீங்கள் எங்கள் வீட்டில் பத்திரமாக வைக்கச் சொல்லிக் கொடுத்த மாடல் கார் டப்பாவை அப்பா திறந்துவிட்டார். திறந்ததோடு நிற்கவில்லை, உள்ளே தனித்தனியாக இருந்த பாகங்களைச் சேர்த்துக் காராக ஒட்டியும் விட்டார். கோபம் வந்தால் இந்த இடத்தில் எழுந்து போய்க் கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். மீதிக் கடிதம் இங்கேயேதான் இருக்கும்.

நடந்தது இதுதான். நீங்கள் ஓய்வு பெறப்போகிற செய்தி வந்த அன்று அப்பா சாப்பிடும்போது பேசவே இல்லை. அப்பா பேசாமல் சாப்பிட்டால், ஒன்று யாருக்கோ செய்து கொடுத்த பல் செட் சரியாகப் பொருந்தவில்லை என்று அர்த்தம், அல்லது அவர் மனதில் ஒரு நல்ல எண்ணம் உருவாகிறது என்று அர்த்தம். இரண்டாவதுதான் ஆபத்து. பல் செட் என்றால் பல் டாக்டர் திருப்பி அனுப்பிவிடுவார், இவர் தேய்த்துக் கொடுத்துவிடுவார். நல்ல எண்ணத்தை யாரும் திருப்பி அனுப்ப முடிவதில்லை.

"அண்ணனுக்கு என்ன குடுக்கலாம்?" என்றார் கடைசியில்.

"நல்லதா ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் குடுங்க," என்றார் அம்மா.

"ரிட்டயர் ஆகறவருக்குக் கடிகாரமா? இனிமே அவரு எங்க நேரத்துக்குப் போகணும்?"

சொல்லிக்கொண்டே எழுந்துபோய், முக்காலி போட்டு ஏறி, அலமாரியின் மேல்தட்டிலிருந்து உங்கள் டப்பாவை இறக்கிவிட்டார். அதன் மூடியில் அந்த நீளமான கார், பின்பக்கம் மீன் துடுப்பு மாதிரி இரண்டு இறக்கைகளோடு, ஒரு கடற்கரைச் சாலையில் போய்க்கொண்டிருக்கும். சின்ன வயதிலிருந்தே நான் அண்ணாந்து பார்த்த கார் அது.

"பாவம் அண்ணன். எவ்வளவு வருஷமா வெச்சிருக்காரு. மாத்தல் மாத்தல்னு ஊர் ஊரா அலைஞ்சதுல ஒரு நாள் உக்காந்து ஒட்ட நேரம் கிடைக்கலை. நாம ஒட்டி, ரெடியா கையில குடுத்துட்டா எப்படி இருக்கும்?"

"அவரை ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்ங்க."

"கேட்டுட்டா அப்புறம் அது என்ன பரிசு?"

டப்பாவின் பக்கவாட்டில் உங்கள் கையெழுத்தில் சிவப்பு மையில் 'திறக்கக் கூடாது' என்று எழுதி, அடியில் இரண்டு கோடுகளும் போட்டிருந்ததை நான் சுட்டிக்காட்டினேன். கடமையைச் செய்தேன் என்பது பதிவாக வேண்டும் பெரியப்பா. அப்பா அதைக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். "இது எனக்காக எழுதினது. அப்போ எனக்குப் பதினாலு வயசு. இப்போ செல்லாது," என்றார். "கோடு வேற போட்டிருக்காரே," என்றார் அம்மா. "எனக்கு எதைச் சொன்னாலும் அவரு ரெண்டு கோடு போட்டுத்தான் சொல்லுவாரு," என்று பதில் வந்தது. பிறகு பல் செட்டுக்கு மெழுகு வெட்டும் கத்தியால், மேலே சுற்றியிருந்த கண்ணாடித் தாளை ஓரமாகக் கீறினார். உள்ளே அடைந்து கிடந்த பழைய காற்று வெளியே வந்தது. புதுச் செருப்புக் கடையும் பழைய புத்தகக் கடையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் எப்படி மணக்குமோ அப்படி இருந்தது. நான் மூக்கை நீட்டிக்கொண்டு கிட்டத்தில்தான் நின்றேன். அதை மறைப்பதற்கில்லை.

மறுநாள் நூலகத்தில் இந்த மாதிரி கார்களைப் பற்றித் தடித்த புத்தகம் ஒன்று கிடைத்தது. உங்கள் காரின் படமும் அதில் இருந்தது. அதை ஒரே ஒரு முறைதான் தயாரித்தார்களாம், அப்புறம் அச்சு உடைந்துபோனதாம், திறக்காத டப்பாக்கள் உலகத்திலேயே விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கின்றனவாம். முந்தின நாள் அதில் ஒரு விரலை மடக்கியது எங்கள் வீடுதான். வந்து சொன்னேன். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தியா? அவ்வளவு அபூர்வமான சாமானைத் தெரியாதவன் எவனும் ஒட்டிடக் கூடாது," என்று, இன்னும் சின்ன அரமாக ஒன்றை எடுத்துவைத்தார்.

அப்பா வேலையைச் சுத்தமாகச் செய்பவர் என்பதை நீங்களும் ஒத்துக்கொள்வீர்கள். ஆனால் அவர் செய்தது எல்லாமே பல் வேலைதான். பாகங்கள் எல்லாம் பிளாஸ்டிக் சட்டங்களில், கிளையில் காய் தொங்குவதுபோல ஒட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றையும் வெட்டி எடுத்து, காம்பு இருந்த இடத்தைத் தேய்த்து, வழக்கம்போல நாக்கால் ஒருமுறை தடவிப் பார்த்தார். "உறுத்தினா ஆளு ரெண்டு நாள்ல திரும்பி வந்துடுவான்," என்றார். காரை யாரும் வாயில் போட்டுக்கொள்ளப் போவதில்லை என்று அம்மா சொல்லிப் பார்த்தார். பிறகு பானட்டைத் திருப்பியபோது அதில் வட்டமாக ஒரு பள்ளம் இருந்தது. இத்தனை வருடமாக ஒரு ரப்பர் டயர் அதன்மேல் சாய்ந்து கிடந்ததால், டயரிலிருந்து கசிந்த ஏதோ ஒன்று பிளாஸ்டிக்கைக் கரைத்துவிட்டது. இது உங்கள் குற்றமோ எங்கள் குற்றமோ இல்லை, புத்தகத்திலேயே போட்டிருக்கிறது. ஆனால் அப்பா அதைப் பார்த்ததும் முகம் மாறி, "சொத்தை," என்றார். உடனே குடைந்து சுத்தம் செய்து, கையிலிருந்த பொருளால் அடைத்துவிட்டார். கையிலிருந்தது பல் செட்டுக்கு ஈறு செய்கிற பொருள். எனவே உங்கள் கார் சில நாள் ரோஜா நிறத் திட்டோடு இருந்தது. சாயம் அடித்ததும் அது மறைந்துவிட்டது, கவலைப்பட வேண்டாம்.

சாயத்தைப் பற்றித்தான் கொஞ்சம் கவலைப்பட வேண்டும். டப்பாவில் கார் வெளிர்நீலம். அப்பா அதை ஒத்துக்கொள்ளவில்லை. "படம் போட்டவன் கடல் பக்கத்துல உக்காந்து போட்டிருக்கான், அதான் நீலமா தெரியுது," என்றார். அப்பாவிடம் பல் நிறம் பார்க்கிற அட்டை ஒன்று இருக்கிறது, வரிசையாகப் பொய்ப் பற்கள் தொங்கும். அதைக் காரின் பக்கத்தில் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு கண்ணை மூடிப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். இப்போது உங்கள் கார், புகை பிடிக்காத, ஓரளவு காபி குடிக்கிற ஒரு நடுத்தர வயதுக்காரரின் பல் நிறத்தில் இருக்கிறது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. பளபளவென்று அப்படி மெருகேற்றியிருக்கிறார். பட்டறை அலமாரியில் பல் செட் அளவுக்காக வார்த்து வரிசையாக வைத்திருக்கும் சுண்ணத் தாடைகளுக்கு நடுவே அது நிற்பதைப் பார்த்தால் அவர்கள் வீட்டுப் பிள்ளை போலவே இருக்கும்.

அம்மா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் என்பதால் அவருடைய அபிப்பிராயமும் இடையிடையே வந்துகொண்டிருந்தது. பயிற்சி முடிந்து வீட்டுக்கு வந்ததும் சாவியை மாட்டிவிட்டு, மேசைமேல் குனிந்து பார்ப்பார். "பக்கக் கண்ணாடி ஒண்ணுதான் இருக்கு. இன்னொரு பக்கம் வர்றவனை எப்படிப் பாப்பாங்க?" என்பார். "இது அந்தக் காலத்து வண்டி," என்பார் அப்பா. "அந்தக் காலத்துல மட்டும் இடிக்க மாட்டானா?" என்பார் அம்மா. ஒரு நாள், ஸ்டீயரிங்கை நேராக ஒட்டவில்லை, இடது பக்கம் திரும்பி நிற்கிறது, இப்படி விட்டுவிட்டு இறங்குகிறவர்களுக்குத் தான் தேர்ச்சி கொடுப்பதில்லை என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அப்பா அதைப் பெயர்த்து மறுபடி ஒட்டினார்.

அடுத்து, காரின் முன்பக்கக் கிரில். வெள்ளிப்பூச்சு போட்ட, சீப்பு மாதிரி கம்பிகள் வைத்த பாகம் அது. காருக்கு முகமே அதுதான். அப்பா அதை மெருகேற்றி, பஞ்சு வைத்து, ஒரு சின்ன டப்பாவில் போட்டிருந்தார். பல் டாக்டருக்கு அனுப்ப வேண்டிய மேல்வரிசைப் பல் செட்டையும் அதே மாதிரி டப்பாவில் போட்டிருந்தார். வந்து எடுத்துப் போகிறவர் எதை எடுத்துப் போனார் என்பதை இந்நேரம் ஊகித்திருப்பீர்கள். மதியம் டாக்டரிடமிருந்து போன். அவர் பெரிய மனிதர், குரலை உயர்த்தவே இல்லை. "உங்ககிட்டேருந்து வந்ததைப் போட்டுப் பார்க்கலாம்னு பேஷன்ட்டை வாயைத் தொறக்கச் சொல்லிட்டேன். அவரும் தொறந்துட்டாரு. டப்பாவைத் தொறந்தா வேற என்னமோ இருக்கு. அவரு இன்னும் தொறந்தபடிதான் உக்காந்திருக்காரு, என்ன சொல்லட்டும்?" என்றார். அப்பா பல் செட்டை எடுத்துக்கொண்டு சட்டைப் பொத்தான் போடாமலே ஓடினார். ஓடுவதற்கு முன்னால் அம்மா அந்தப் பல் செட்டைக் காரின் முன்னால் ஒரு நொடி வைத்துப் பார்த்து, "இதுவே பொருத்தமா இருக்கு," என்றார். உண்மையில் பொருத்தமாகத்தான் இருந்தது.

பெரியப்பா, இதுவரை எழுதியதெல்லாம் சிரிக்கக்கூடியது. நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். கிரில் திரும்பி வந்து, கண்ணாடிகள் பொருந்தி, கடைசியாகக் காரின் கூரையை ஒட்டிக் காயவைத்த அன்று பெரியம்மா போன் செய்தார். நான்தான் எடுத்தேன்.

"செல்லம், உங்க பெரியப்பா பண்றதைக் கேளு. ஜன்னல் பக்கமா மேசை போட்டாச்சு. விளக்கு வாங்கியாச்சு. கிட்டப் பாக்கறதுக்குன்னு தனியா ஒரு கண்ணாடி. கை நடுங்கக் கூடாதுன்னு காபியைக்கூடக் குறைச்சுட்டாரு. எல்லாம் எதுக்குங்கறே? அந்தக் கார் டப்பாவுக்கு. ஆபீஸ் கடைசி நாள் முடிஞ்சதும் நேரா உங்க வீட்டுக்குத்தான் வரப்போறாராம், எடுத்துட்டுப் போக."

"அதை ஏன் பெரியம்மா இவ்வளவு நாளா ஒட்டலை?" என்று கேட்டேன்.

"வேலைக்கு நடுவுல தொறந்தா அவசரமா ஒட்டிடுவேன், அது அவசரமா ஒட்டற சாமான் இல்லைன்னு கல்யாணமான புதுசுலேருந்து சொல்லிட்டிருக்காரு. ஒவ்வொரு மாத்தலுக்கும், போற ஊர்ல அது தொலைஞ்சுடும்னு பயந்துதான் உங்க வீட்டுல குடுத்து வெச்சாரு. இதெல்லாம் உங்கப்பாகிட்ட சொல்லிடாதே. தம்பிக்குத் தெரிஞ்சா நானும் வரேன்னு வந்து கையை வெச்சுடுவான்னு அவருக்கு பயம்."

நான், "சரி பெரியம்மா," என்றேன். வேறு என்ன சொல்ல வேண்டும் என்று நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லை.

போனை வைத்துவிட்டுப் பட்டறைக்குப் போனேன். அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் கைகள் மடியில் இருந்தன. வேலை நேரத்தில் அவர் கைகள் மடியில் இருந்து நான் பார்த்ததில்லை. "சின்ன வயசுல என் சாமான் எது உடைஞ்சாலும் அண்ணன்தான் ஒட்டித் தருவாரு, கண்ணு. பள்ளிக்கூடத்துப் பெட்டி, காத்தாடி, என் மூக்குக் கண்ணாடி. நான் அவருக்கு ஒண்ணுகூட ஒட்டிக் குடுத்ததில்லை," என்றார். அதற்குப் பிறகு நான் எப்படிச் சொல்வேன், நீங்களே சொல்லுங்கள்.

எனக்குத் தோன்றியது ஒன்றுதான். எஞ்சின் மட்டும் இன்னும் வெட்டாமல் சட்டத்திலேயே இருந்தது. கூரை போடும் உற்சாகத்தில் அப்பா அதைக் கடைசிக்குத் தள்ளியிருந்தார். அதை எடுத்து என் அட்லஸுக்கு அடியில் வைத்துவிட்டேன். நான் பொய் சொல்லவில்லை. "எஞ்சின் எங்கே?" என்று அப்பா கேட்டபோது, "பத்திரமா இருக்குப்பா, பெரியப்பா வரட்டும்," என்றேன். அவர் அதைப் பெரிய விழா ஏற்பாடு என்று நினைத்துக்கொண்டு, "நம்ம வீட்டுப் பண்டிதர் யோசனையே தனி," என்று அம்மாவிடம் சொல்லிப் பெருமைப்பட்டார்.

இப்போது என் விண்ணப்பம். நீங்கள் வரும்போது அப்பா காரைத் துணி போட்டு மூடி வைத்திருப்பார். துணியை எடுக்கச் சொல்வார். எடுக்கும்போது அவர் காரைப் பார்க்க மாட்டார், உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த நேரத்துக்கு மட்டும் நீங்கள் சந்தோஷமாக இருந்துவிட்டால் போதும். நடிக்க வராது என்றால், அவர் தேய்த்த ஓரங்களில் விரலை ஓட்டிப் பாருங்கள். அவ்வளவு வழவழப்பைத் தொட்டால் யாருக்கும் முகம் தானாகவே இளகிவிடும். பிறகு நான் எஞ்சினை எடுத்துத் தருகிறேன். அதில் மட்டும் நிறையப் பாகங்கள் இருக்கின்றன, மெதுவாக ஒட்டினால் வெகுநாள் வரும். முழுக் காருக்கு அது ஈடு இல்லை என்று எனக்குத் தெரியும். நீங்கள் இத்தனை வருடம் காத்திருந்தது காருக்காக இல்லை, ஒட்டுவதற்காக என்பதும் தெரியும். ஆனால் அப்பாவுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அவர் ஒட்டிக் கொடுக்க ஆசைப்பட்டதும் இத்தனை வருடமாகத்தான்.

பெரியம்மாவிடம் என் அன்பைச் சொல்லுங்கள். அவரிடம் நான் ரகசியத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்றும், அதனால் பிரயோஜனம் ஒன்றும் இல்லாமல் போனது என்றும் சொல்லுங்கள். உங்கள் ஓய்வுக்காலம் நீண்டதாகவும், கை நடுங்காததாகவும் அமைய வேண்டும். காபியை இனி பழையபடியே குடிக்கலாம்.

என்றும் உங்கள் அன்பை எதிர்பார்க்கும் (இந்தத் தடவை கொஞ்சம் கூடுதலாக எதிர்பார்க்கும்),
தம்பி மகள்.

பி.கு.: பெரியப்பா, மேலே நடிக்கச் சொன்னது, விரலை ஓட்டிப் பார்க்கச் சொன்னது எதுவும் இனிமேல் தேவையில்லை. கடிதத்தை முடித்து அம்மாவிடம் உறை கேட்டேன். அம்மா அப்பாவிடம் கேட்டார். "அண்ணனுக்கா? குடு, நானும் ரெண்டு வரி எழுதறேன்," என்று அப்பா கடிதத்தை வாங்கிக்கொண்டு பட்டறைக்குள் போனார். நான் வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தேன். காகிதம் புரளும் சத்தம் கேட்டது, பிறகு அதுவும் கேட்கவில்லை. வெளியே வந்தபோது அவர் திட்டவில்லை. "அண்ணி எப்போ போன் பண்ணாங்க?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். "அப்போ கூரை ஒட்டின பசைகூடக் காஞ்சிருக்காதே. அப்பவே சொல்லியிருந்தா அலுங்காம எடுத்திருப்பேனே, கண்ணு," என்றார்.

பிறகு காரைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, குளிர்சாதனப் பெட்டியின் ஐஸ் அறையில் வைத்துவிட்டார். பசை குளிர்ந்து உறைந்தால் வெடுக்கென்று விட்டுவிடுமாம். "ஒட்டறது பாதித் தொழில், ஒட்டினதை நோகாம எடுக்கறது மீதித் தொழில்," என்றார். பாதி நோகாமல்தான் வந்தது. முன் கண்ணாடி இரண்டாகிவிட்டது. சொத்தை அடைத்த இடம் மட்டும் அசையவே இல்லை, அப்பாவின் வேலை அப்படி. சாயம் போவதற்காக உடம்புப் பாகத்தை, அம்மா பயிற்சிக் காருக்கு வைத்திருந்த பிரேக் எண்ணெயில் ஊறவைத்திருக்கிறோம். "சரி, இன்னைக்கு யாரும் பிரேக் போட வேண்டாம்," என்று அம்மா இன்று விடுமுறை எடுத்துக்கொண்டார். மற்ற எல்லாவற்றையும் பஞ்சில் வைத்து டப்பாவில் அடுக்கியாகிவிட்டது. டப்பாவில் முதலில் இருந்ததைவிட இப்போது பாகங்கள் அதிகம், அதனால் மூடி முழுவதாக மூடவில்லை.

ஆகவே ஒட்டுவதற்கு உங்களுக்கு வேண்டிய அளவு இருக்கிறது. நீங்கள் ஒட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து சும்மா பார்க்கலாமா என்று அப்பா கேட்கச் சொன்னார். தான் கேட்டதாக எழுத வேண்டாம் என்றும் சொன்னார்.